முழு உடல் ஸ்கேன் பேக்கேஜ்: ரிப்போர்ட் வந்த பிறகு என்ன தருகிறார்கள்?

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்காக விற்கப்படும் முழு உடல் எம்.ஆர்.ஐ. பேக்கேஜை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது மெஷினைப் பற்றித்தான். காந்த வலிமை 3 டெஸ்லாவா, 1.5 டெஸ்லாவா? எத்தனை உறுப்புகள் பார்ப்பீர்கள்? எவ்வளவு நேரம் ஆகும்? மெஷினுக்குள் படுத்திருக்கப் போவது ஒரு மணி நேரம். அதில் தற்செயலாகக் கண்ணில் படும் 7 மி.மீ. புள்ளி ஒன்றைச் சுமந்து திரியப் போவது இரண்டு வருடமோ ஐந்து வருடமோ. அந்தக் காலத்துக்கு யார் பொறுப்பு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்தச் சேவையை எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால், ஸ்கேனுக்கு 5-க்கு 4 கொடுக்கலாம், ரிப்போர்ட்டுக்கு 3. தொடர் கண்காணிப்புக்கு 2-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

ஸ்கேன் எப்படி?

பொதுவாக 45 முதல் 60 நிமிடம். கதிர்வீச்சு கிடையாது. பெரும்பாலான பேக்கேஜ்களில், படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியும் கிடையாது. தலை முதல் தொடை வரை 5, 6 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாகப் படம் எடுக்கிறார்கள், திசுக்களில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களும் சேரும். 3 டெஸ்லா என்றாலே உசத்தி என்ற எண்ணம் வேண்டாம். வயிற்றுப் பகுதியில் 3 டெஸ்லா படங்களில் நிழல் விழும் கோளாறு கூடுதலாக வரும். நன்றாக இயக்கப்படும் 1.5 டெஸ்லா இந்த வேலைக்குப் போதும்.

குறை எங்கே என்றால், எது தெரியாது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. நுரையீரலில் உள்ள சிறு நாட்யூல்கள் (உருண்டையான புள்ளிகள்) எம்.ஆர்.ஐ.-யில் எளிதில் தப்பிவிடும். இதய ரத்தக்குழாய் அடைப்பு தெரியாது. பெருங்குடல் பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) தெரியாது. கான்ட்ராஸ்ட் இல்லாமல் மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க இதை நம்பவே கூடாது. ஆகவே வயதுக்கேற்ப செய்ய வேண்டிய மேமோகிராம், கொலோனோஸ்கோபி, கருப்பை வாய்ப் பரிசோதனை எதற்கும் இது மாற்று கிடையாது. "இந்த ஒரே ஸ்கேன் போதும்" என்று கவுன்ட்டரில் யாராவது சொன்னால், அங்கே பணம் கட்ட வேண்டாம்.

எவ்வளவு பேருக்கு ஏதாவது அகப்படும்?

அறிகுறி இல்லாத 5,000-க்கும் மேற்பட்டவர்களின் முழு உடல் எம்.ஆர்.ஐ. முடிவுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் ஒருவருக்கு "கவனிக்க வேண்டியது" அல்லது "உறுதியாகச் சொல்ல முடியாதது" ஏதோ ஒன்று வந்திருந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் 2,000 பேரின் மூளையை ஸ்கேன் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களே அறியாமல் வந்துபோன சிறு பக்கவாதத் தழும்பு 7.2 சதவீதம் பேருக்கு இருந்தது. ரத்தக்குழாய் வீக்கம் 1.8 சதவீதம், தீங்கற்ற கட்டிகள் 1.6 சதவீதம். முதுகெலும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: வலியே இல்லாதவர்களில் 20 வயதில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் படத்தில் தெரிகிறது.

பணம் கட்டும் முன்பே இதை எடுத்துச் சொல்லும் சேவை நல்ல சேவை. "மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் உங்களுக்கு இன்னொரு டெஸ்ட் தேவைப்படும், அதன் செலவு இந்த பேக்கேஜில் சேராது" என்ற ஒரு வரி சம்மதப் படிவத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க ரேடியாலஜி மருத்துவர்களின் அமைப்பான ரேடியாலஜி கல்லூரி 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், அறிகுறியும் ஆபத்துக் காரணிகளும் இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்லியிருக்கிறது. லி-ஃபிரௌமெனி போன்ற பரம்பரைப் புற்றுநோய்க் கோளாறு உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வருடாந்தர முழு உடல் எம்.ஆர்.ஐ. மருத்துவப் பரிந்துரையிலேயே இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் படித்தால் சேவையின் தரம் தெரிந்துவிடும்

சேருவதற்கு முன் ஒரு மாதிரி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பெயர் நீக்கித் தருவதில் சிரமம் எதுவும் இல்லை. சில இடங்கள் நுரையீரலுக்காகக் குறைந்த கதிர்வீச்சு சி.டி.-யையும் பேக்கேஜில் சேர்க்கின்றன. அதிலிருந்து ஒரு வரி இப்படி வந்தால் அது மோசமான ரிப்போர்ட்: "வலது நுரையீரலில் சிறு நாட்யூல் காணப்படுகிறது. மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும்." எவ்வளவு சிறியது, எங்கே, எந்த வகை, அடுத்து என்ன, ஒன்றும் இல்லை. அதே நாட்யூலை நல்ல ரேடியாலஜிஸ்ட் எழுதினால் இப்படி இருக்கும்: "வலது மேல் மடல், தொடர் 4, படம் 112. திட நாட்யூல், 8 × 6 மி.மீ., சராசரி 7 மி.மீ. விளிம்பு சீராக உள்ளது. ஒப்பிடப் பழைய படம் இல்லை. 6 முதல் 12 மாதத்துக்குள் குறைந்த கதிர்வீச்சு சி.டி." இந்தத் தொடர் எண்ணும் பட எண்ணும் இல்லாவிட்டால், அடுத்த வருடம் பார்ப்பவர் அதே புள்ளியைத்தான் அளக்கிறாரா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இன்னொரு கோளாறு, கண்டுபிடிப்பு ரிப்போர்ட்டின் நடுவில் இருக்கும், கடைசியில் வரும் "முடிவுரை" பகுதியில் இருக்காது. அவசரத்தில் இருக்கும் மருத்துவர் முடிவுரையை மட்டும் பார்த்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடுவார். ஆகவே ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து படியுங்கள். அளவு குறிக்கப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் பேனாவால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் "இதற்குத் தொடர் பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்பதும் முழுப் பதில்தான், அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நுரையீரல் நாட்யூல்

தற்செயலாக அகப்பட்ட நாட்யூலுக்கு உலகெங்கும் பயன்படுவது, நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டி. 35 வயது தாண்டிய, புற்றுநோய் வரலாறோ நோயெதிர்ப்புக் குறைபாடோ இல்லாதவர்களுக்கு அது பொருந்தும். ஒற்றைத் திட நாட்யூல் 6 மி.மீ.-க்குக் கீழ் என்றால், ஆபத்துக் காரணி குறைவானவர்களுக்கு எதுவும் தேவையில்லை. புகைப்பழக்கம் போன்ற காரணிகள் இருந்தால் 12 மாதத்தில் ஒரு சி.டி. எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். 6 முதல் 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒன்று, பிறகு 18 முதல் 24 மாதத்தில் இன்னொன்று. ஆபத்து குறைந்தவர்களுக்கு இந்த இரண்டாவது ஸ்கேன் கட்டாயமில்லை. 8 மி.மீ.-க்கு மேல் போனால் 3 மாதத்தில் சி.டி., அல்லது பெட் ஸ்கேன் (செல்கள் எவ்வளவு சர்க்கரையை இழுக்கின்றன என்று காட்டுவது), அல்லது பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) என்று பேச்சு மாறும். கண்ணாடியில் படிந்த மூச்சுப்போல மங்கலாகத் தெரியும் நாட்யூல்கள் மெதுவாக வளர்பவை. அவை 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 6 முதல் 12 மாதத்தில் ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என ஐந்து வருடம் வரை பார்க்க வேண்டும்.

"இவ்வளவு நாள் சும்மா இருக்கச் சொல்கிறார்களே" என்ற தவிப்பு எல்லாருக்கும் வருவது. காரணம் தெரிந்தால் அது கொஞ்சம் அடங்கும். திடமான நுரையீரல் புற்றுக்கட்டி ஒன்றின் கன அளவு இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாள் எடுக்கும். கன அளவு இரட்டிப்பானால் விட்டம் கூடுவது சுமார் 26 சதவீதம்தான். அதாவது 6 மி.மீ. நாட்யூல் ஏறத்தாழ 7.5 மி.மீ. ஆகும். அளப்பதில் வரும் பிழையே 1.5 மி.மீ. வரை போகும் என்பதால் 2 மி.மீ. கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்கு. மூன்று வாரத்தில் பயந்துபோய் மறுபடி ஸ்கேன் எடுத்தால், "மாற்றம் இல்லை" என்றுதான் வரும், அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சீக்கிரமே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்ற யோசனையும் சரிப்படாது. 8 மி.மீ.-க்குக் கீழ் அதன் முடிவு நம்பத்தகுந்ததாக இருக்காது.

தொடர் சி.டி. எடுக்கும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் துண்டின் தடிமனில். முதல் ஸ்கேன் 1 மி.மீ., அடுத்தது 5 மி.மீ. என்றால் ஒப்பீடு பாழ். 1.5 மி.மீ.-க்கு மேற்படாத துண்டுகள் வேண்டும், இரண்டு தடவையும் ஒரே மாதிரி எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஒப்பிடும்போது போன தடவைப் படத்தோடு மட்டும் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அரை மில்லிமீட்டர் கூடினால் "மாற்றம் இல்லை" என்றே எழுதிக்கொண்டு போவார்கள். இருப்பதில் மிகப் பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்தான் அந்த மெதுவான வளர்ச்சி தெரியும்.

அட்ரினல் கட்டி

இந்தச் சேவைகள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் கட்டி அகப்பட்டால் இரண்டு கேள்விகள். கெட்ட கட்டியா? ஹார்மோன் சுரக்கிறதா? முதல் கேள்விக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. போதும். கட்டி ஒரே சீராக இருந்து, அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு அல்லது அதற்குக் கீழ் என்றால், 2023 ஐரோப்பிய வழிகாட்டியின்படி அளவு எதுவானாலும் மேற்கொண்டு ஸ்கேன் வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான். ஸ்கேன் நிறுவனம் ஸ்கேனோடு கைகழுவிவிடுவதால் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

செய்ய வேண்டியது 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் சோதனை. இரவு 11-லிருந்து 12 மணிக்குள் மாத்திரை, மறுநாள் காலை 8, 9 மணிக்கு ரத்தம். அதில் கார்ட்டிசால் ஹார்மோன் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழ் இறங்கியிருந்தால் சரி. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், ஃபெனிடாயின், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொய்யாக உயர்ந்து காட்டும். நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. சோதனைக்கு எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ உடம்பின் உப்பையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டும் பார்க்க வேண்டும். அடர்த்தி 10-க்கு மேல் என்றால் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைவதில் வரும் பொருள்) பார்த்தே ஆக வேண்டும். அதற்கு 20, 30 நிமிடம் படுத்திருந்துவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது, உட்கார்ந்தபடி கொடுத்தால் அளவு கூடிக் காட்டலாம். மெட்டாநெஃப்ரின் முடிவு வராமல் அந்தக் கட்டியில் பயாப்சி ஊசி போட யாரையும் விடாதீர்கள். அது அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியாக இருந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மற்றவை

கல்லீரலில் சாதாரண நீர்க்கட்டி, படத்தில் தெளிவாகத் தெரியும் ஹெமாஞ்சியோமா (ரத்தக்குழாய்களாலான தீங்கற்ற கட்டி): மற்றபடி ஆரோக்கியமானவருக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். சிறுநீரக நீர்க்கட்டிக்கு பாஸ்னியாக் வகைப்பாடு, எண் கூடக் கூடப் புற்றுநோய் வாய்ப்பு கூடும். 1, 2 என்றால் கண்காணிப்பு இல்லை. 2எஃப் என்றால் 6 மாதம், 12 மாதம், பிறகு வருடம் ஒன்று என ஐந்து வருடம். பித்தப்பைப் பாலிப் 10 மி.மீ.-ஐத் தொட்டால் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தைராய்டு நாட்யூலில் நிதானம் ரொம்ப முக்கியம். தென் கொரியாவில் பரவலாக அல்ட்ராசவுண்ட் பார்க்கத் தொடங்கியதில், 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 15 மடங்கு கூடியது. அதனால் இறப்பவர்கள் விகிதம் மட்டும் மாறவே இல்லை. தேவையில்லாமல் சுரப்பியை இழந்து வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுபவர்கள்தான் பெருகினார்கள். அதனால்தான் இப்போது ஊசி போட்டுத் திசு எடுக்க அளவு வரம்பு வைத்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துச் சந்தேகத்தின் அளவுக்குக் கொடுக்கும் எண் டைராட்ஸ்: 5 என்றால் 1 செ.மீ., 4 என்றால் 1.5 செ.மீ., 3 என்றால் 2.5 செ.மீ. ரிப்போர்ட்டில் டைராட்ஸ் எண் இல்லாமல் "நாட்யூல், ஊசி போடலாம்" என்று மட்டும் இருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கணைய நீர்க்கட்டிதான் நெடுநாள் விவகாரம். இரண்டு வருடத்தில் கணக்கை முடித்துவிட முடியாது, கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.சி.பி. (கணைய, பித்த நாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) வருடக்கணக்கில் தொடரும். கணையத்தின் பிரதான நாளம் 5 மி.மீ. அகலத்தைத் தாண்டினால் நெருங்கிப் பார்க்க வேண்டும். 10 மி.மீ. ஆனாலோ, கட்டிக்குள் 5 மி.மீ. அளவில் கான்ட்ராஸ்ட் ஏற்கும் முடிச்சு இருந்தாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ, தாமதிக்காமல் கணைய அறுவை சிகிச்சை நிபுணரிடம் போக வேண்டும்.

பின்தொடர்வது யார்?

நல்ல சேவையில் ரிப்போர்ட்டோடு ஒரு பெயரும் ஒரு தேதியும் வரும்: இந்தக் கண்டுபிடிப்புக்குப் பொறுப்பு இன்னார், அடுத்த பரிசோதனை இந்த மாதம், அதற்கான சீட்டு இதோ. வராவிட்டால் அவர்களே கூப்பிடுவார்கள். கண்காணிப்பு முடிந்ததும் "இனிமேல் தேவையில்லை" என்று ஒரு கடிதம் தருவார்கள். பெரும்பாலான பேக்கேஜ்களில் இதில் எதுவும் கிடையாது. மொபைலில் ரிப்போர்ட் வரும், அடியில் "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று இருக்கும். அந்த மருத்துவரோ இந்த ஸ்கேனை எழுதிக் கொடுத்தவர் இல்லை, படங்களும் அவர் கையில் இல்லை.

அதனால் பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: படங்களை ஒருவர் பார்க்கிறாரா, இருவரா? அவசரமானது ஏதாவது இருந்தால் போனில் சொல்வீர்களா, இல்லை ஆப்பில்தான் போடுவீர்களா? என் பழைய சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டுவந்தால் ஒப்பிட்டு எழுதுவீர்களா? உறுதிப்படுத்தும் ஸ்கேன் பேக்கேஜுக்குள்ளா வெளியிலா? படங்களை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? எந்த வடிவத்தில் தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஏற்கத்தக்க ஒரே பதில் டைக்காம், மெஷினிலிருந்து வரும் மூலப் படக் கோப்பு வடிவம். ஃபிலிமும் பி.டி.எஃப்.-ம் ஜேபெக்கும் கண்ணால் பார்க்கத்தான் உதவும், அவற்றை வைத்துத் துல்லியமாக அளக்க முடியாது. டைக்காம் கோப்புகளை வீட்டுக் கணினியில் வீயசிஸ், ரேடியன்ட், ஹோரோஸ் போன்ற மென்பொருளில் திறந்து, எல்லாத் தொடர்களும் வந்திருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். மெல்லிய துண்டுகளை விட்டுவிட்டுத் தடிமனானவற்றை மட்டும் பதிந்து கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. காப்பீடு புதிதாக எடுக்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது விண்ணப்பத்தில் அறிவிக்க வேண்டியதாகிவிடலாம்.

காத்திருக்கும் மாதங்கள்

ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியதும் தொடங்கும் பயத்தை எந்தச் சேவையும் கணக்கில் எடுப்பதில்லை. அது பலவீனம் கிடையாது, அரைகுறைத் தகவலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட எவருக்கும் வருவது. கைகொடுப்பது ஒரே ஒரு தாள். அதில் கண்டுபிடிப்பின் பெயர், இடம், அளவு, எந்தத் தேதியில் எந்த முறையில் எடுத்தது, அடுத்த தேதி, அதே முறையில் எடுக்க வேண்டிய குறிப்பு, பொறுப்பான மருத்துவர். அதன் கீழே, தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டிய அறிகுறிகள்: சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, கண் மஞ்சளாவது, இதுவரை வராத அளவுக்குத் திடீர்த் தலைவலி. உங்கள் கண்டுபிடிப்புக்கு இதில் எது பொருந்தும் என்று மருத்துவரையே குறிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எந்தச் சிறு வலிக்கும் அந்தப் புள்ளியைக் காரணமாக்க வேண்டியதில்லை என்ற தெளிவு அதிலிருந்து கிடைக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "சின்னதாக ஒன்று தெரிகிறது, இத்தனையாவது மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் செய்ய எதுவும் இல்லை." மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் எழுதிக்கொள்ளட்டும். பயம் மிகக் கூடுவது அடுத்த ஸ்கேனுக்கு முந்தைய நாட்களிலும், ஸ்கேன் முடிந்து முடிவு வராத நாட்களிலும்தான். ஸ்கேன் தேதி வாங்கும்போதே முடிவைப் பேசும் நேரத்தையும் அன்றைக்கோ மறுநாளுக்கோ வாங்கிவிட்டால் அந்த இடைவெளி சுருங்கும். ஆப்பில் இரவில் ரிப்போர்ட் வந்து விழும் ஏற்பாடு இருந்தால், மருத்துவரோடு பேசிய பிறகே திறக்கும்படி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் அறிவிப்பை மட்டுமாவது அணைத்து வையுங்கள்.

ஏற்கெனவே ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டில் ஏதோ ஒன்றோடு நிற்பவர்கள், இரண்டாவது கருத்துக்கு முழு ஸ்கேனையும் இன்னொரு இடத்தில் திரும்ப எடுக்க வேண்டாம். அது புதிதாக வேறு ஏதாவதைக் கொண்டுவந்து சேர்க்கும். இருக்கும் டைக்காம் கோப்புகளை அந்த உறுப்பில் தேர்ந்த ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுத்து, அந்த ஒரு கண்டுபிடிப்பை மட்டும் மறுவாசிப்பு செய்து, அளவும் வகையும் அடுத்த தேதியும் எழுதித் தரச் சொல்லுங்கள்.